இலை உதிர்க்கும் ஊசிமரம்

தலைமை நாற்காலியில் அமர்ந்து, நிமிடத்துக்கொரு தரம் கடிகாரத்தைப் பார்க்கும் மார்லிஸ் ஹியேட்டலா அவர்களே, இன்று கை தூக்கி முடிவு சொல்லப்போகும் ஊர்மன்றத்தார் ஐவரே, முன்வரிசைப் பெரியோர்களே, குளிர்க்கோட்டைக் கழற்றாமலே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன், ஜூலை மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை, இதே மண்டபத்தில் இருந்தவர்களையும் பெயர் சொல்லி வணங்க வேண்டும். அன்று தலைமை வகித்து, இன்று தேவாலயத்துப் பின்புறம் உறங்கும் ஓனி ஹியேட்டலா அவர்களே. நடந்ததை ஏட்டில் எழுதிய டோலோரஸ் அம்மா அவர்களே. தலைநகரிலிருந்து வெள்ளைக் காலணியோடு வந்து கறுப்புக் காலணியோடு திரும்பிய அதிகாரி கார்வின் அவர்களே, எங்கிருந்தாலும் வாழ்க. காப்பி ஊற்றிய சில்வி அவர்களே. இதோ எனக்கு இடப்பக்கம், மன்ற உறுப்பினராக வீற்றிருக்கும் என் உடன்பிறந்த தம்பி ரெய்னோ அவர்களே. ஆறாவதாக நான் இருந்தேன். வேறொருவரும் இல்லை. நாற்பது பேர் இருந்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறார்கள். அந்த முப்பத்துநான்கு பேரும் அன்று மீன் பிடிக்கப் போயிருந்தார்கள்.

யாரது பின்னால்? "சுருக்கமா முடிங்க" என்கிறீர்களா? ஆற்றையே சுருக்கிவிட்டீர்கள், என் பேச்சையுமா சுருக்க வேண்டும்?

நம் மார்ட்டன் ஆறு கோடையில் ஆறு, குளிர்காலத்தில் சாலை. உறைந்த ஆற்றின் மேல்தான் அப்பா குதிரைச் சறுக்குவண்டி ஓட்டினார். அந்தப் பனிச்சாலையில்தான் நானும் தம்பியும் சறுக்குக்கட்டை பூட்டிப் பள்ளிக்குப் போனோம்; நான்காம் வகுப்புக்குப் பிறகு அவன் மட்டும் போனான். சனிக்கிழமை வந்தால் கரையோரம் வெந்நீராவி மூட்டம். சவுனா என்னும் நீராவிக் குளியலறைக்குள் வெந்து, வெளியே ஓடி, பனிக்கட்டியில் அப்பா வெட்டி வைத்த குழியில் முங்கி எழுந்தால், அம்மா ஏலக்காய் ரொட்டியைத் துணி விலக்கி நீட்டுவாள். அந்த ரொட்டியின் மணம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. அந்த ஆறு எங்கே?

ஒன்பது மைல் தூரம் போவோம். ஒரு சுவர் தெரியாது. ஒரு ஜன்னல் தெரியாது. வீடில்லாமலா? பதினான்கு குடும்பம் இருந்தது. ஆனால் ஒருவரும் ஆற்றின் முகத்துக்கு எதிரே வீட்டை நிறுத்தவில்லை. மரத்துக்குப் பின்னால் கட்டினார்கள், மேட்டுக்குப் பின்னால் கட்டினார்கள். புகை தெரியும், புகைபோக்கி தெரியாது. பின்னாளில் அரசு எழுதிய சட்டத்தை எழுதாமலே வாழ்ந்தார்கள் அவர்கள்.

அந்தச் சட்டம் என்ன சொன்னது? நடு ஆற்றில் படகில் இருப்பவர் கண்ணுக்கு வீடு தெரியக் கூடாது. கரையோரம் ஊசியிலை மரங்கள் திரையாக நின்றால் அருகே கட்டலாம். இல்லையென்றால் நூற்றைம்பது அடி தள்ளிக் கட்ட வேண்டும். நல்ல சட்டம். அதில் ஓட்டை போட்டது ஒரே ஒரு மரம்.

பாலத்துக்குக் கீழே, ஆறு ஓடும் பக்கம், ரெய்னோவின் பங்கு நிலம். அதை விற்றால் பத்து உல்லாச வீடுகள் வரும். திரை இருக்கிறதா என்று பார்க்க அதிகாரி வந்தார். துடுப்பு போட்டது தம்பி. நடுவில் அதிகாரி. காப்பிக் குடுவையோடு பின்னால் நான். கரையெல்லாம் பச்சைப் பசேலென்று டாமராக் மரங்கள்.

"இது என்ன மரங்க?"

"ஊசியிலை மரந்தாங்க," என்றான் தம்பி.

"பைன் மாதிரியா?"

"பாத்தா அப்படித்தான இருக்கு."

நான் சும்மா இருப்பேனா? "ரெய்னோ, அம்மா இத என்னன்னு கூப்பிடுவா? சாருக்குச் சொல்லு."

"அக்கா, நீ காப்பிய ஊத்து."

அம்மா தன் தாய்மொழியில் அதை லெஹ்திகூசி என்பாள். கூசி என்றால் ஊசியிலை மரம். லெஹ்தி என்றால் இலை. பெயரிலேயே எச்சரிக்கை. ஊசிமரக் கூட்டத்தில் பிறந்தும், இலைமரம்போல அக்டோபரில் பொன்னாகி, நவம்பரில் மொட்டையாகிவிடும் ஒரே மரம் நம் பக்கத்தில் அதுதான். நகரத்து அதிகாரிக்கு அது தெரியாது. மரம் வெட்டிப் பிழைத்தவனுக்குத் தெரியாதா? ஒரே பாயில் படுத்து ஒரே தாயிடம் சொல் கற்றவனுக்குத் தெரியாதா?

மண்டபத்தில் எழுந்து, அது நவம்பரில் உதிர்ந்துவிடும் மரம் என்று சொன்னேன். ஓனி சிரித்தார். "ஏம்மா, உங்க தம்பி நாப்பது வருஷமா மரத்தோட கெடக்குறவரு. அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிருச்சா? ரெய்னோ, நீயே சொல்லுப்பா."

தம்பி என்னைப் பார்க்கவில்லை. "ஊசியிலை மரந்தான்," என்றான். பொய்யில்லை, பாருங்கள். பாதி மெய்யைச் சொல்லி மீதியை மென்று விழுங்கினான். டோலோரஸ் அம்மா எழுதினார். கையெழுத்து விழுந்தது.

ஒன்றரை ஆண்டு கழித்து ஜனவரியில், பொழுது சாயும் நேரம், பழைய நினைவில் ஆற்றின் மேல் நடந்தேன். மொட்டை மரங்களுக்கு நடுவே பத்து வீடுகள் பல்லைக் காட்டி நின்றன. கண்ணாடிச் சுவருக்குள்ளே ஒருவர் தொலைக்காட்சியில் ஆற்றுக் காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் காட்டி மற்றவர்களும் கட்ட, பாலத்துக்குக் கீழே ஆறு மைலும் போயிற்று.

சிரிக்காதீர்கள். மீதி மூன்று மைல்தான். அங்கே இருபத்திரண்டு வீடுகள் கேட்கிறார்கள். அதே மரத்தைக் காட்டுகிறார்கள். வீடே கூடாதென்று நான் சொல்லவில்லை, தள்ளிக் கட்டுங்கள் என்கிறேன். இன்று சட்டத்தில் சேர்க்கச் சொல்வது ஒரே வரி: டாமராக் திரையாகாது. ஐயமிருந்தால் ஜன்னலைப் பாருங்கள். இது நவம்பர். அந்த மொட்டை மரத்துக்குப் பின்னால் ஒரு கோழிக்கூட்டையாவது மறைக்க முடியுமா? அதை நம்பி உங்கள் பேரப்பிள்ளைகளின் ஆற்றைக் காப்பாற்ற முடியுமா? இந்த ஒரு வரி இல்லாவிட்டால் மூன்று மைல் என்னாகும், முகம் கழுவும் ஆறு முகமிழந்தால் நாம் என்னாவோம்?

மன்றத்தில் இருவர் இந்தப் பக்கம், இருவர் அந்தப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும். ஐந்தாவது கைதான் பாக்கி.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி. பொறுமையின்றிக் கேட்டவர்களுக்கும் நன்றி. கார்வினை மன்னித்தேன், அவர் அறியாதவர். ஓனியை மன்னித்தேன், செத்தவரோடு என்ன வழக்கு? டோலோரஸ் அம்மா காதில் விழுந்ததை எழுதினார், சில்வி காப்பியில் குறை வைக்கவில்லை. எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் மன்னிக்காத ஒருவர் இருக்கிறார். இந்த வரிக்காக நீ இன்று கை தூக்கினாலும் உன்னை மன்னிக்க மாட்டேன். ஆனாலும் தூக்கு. தூக்குவதற்கு முன், அம்மா அந்த மரத்தை என்னவென்று கூப்பிட்டாள் என்று இந்தச் சபைக்கு உன் வாயால் சொல், ரெய்னோ.