விளக்கு வைக்கும் முன் தூக்கம்

ஃபிஜித் தீவில், ரக்கிரக்கிக்குப் போகும் சாயங்கால பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் கைக்குழந்தையோடு ஒருத்தி; பக்கத்தில் வயதில் மூத்த ஒருத்தி.

"இவன் அப்பாவைப் பார்த்தா அலறுறான்க்கா," என்றாள் தாய்.

"ஏன்?"

"கரும்பு வெட்டுக்கு அவரு விடியறதுக்கு முன்னாலயே போயிடறாரு. அவருக்கு ரொட்டி சுட நான் எழுந்திரிக்கணும். அதனால இவனை வெளக்கு வைக்கிறதுக்குள்ள தூங்கப் பழக்கிட்டேன். அவரு வர்றப்போ இவன் தூங்கிடறான். போன ஞாயித்துக்கிழமை ஆசையாத் தூக்கினாரு. யாரோன்னு வீறிட்டான். அவரு இவனை எங்கிட்டக் குடுத்துட்டு வெளியே போயிட்டாரு."

"வெட்டு முடிஞ்சா சரியாப் போயிடும்."

"அதுக்கு இன்னும் எத்தனை மாசம் இருக்கு."

வெளியே இருட்டத் தொடங்கியது. குழந்தைக்குக் கண் சொருகியது. அவள் அதன் உள்ளங்காலைச் சுரண்டிக்கொண்டே வந்தாள்.

"தூங்காதடா. அப்பா வந்துரட்டும்."