எனக்குத் தைக்கத் தெரியாது

"நிப்பாட்டாத! ஓட்டு!"

பின்னால் இழுபடும் பெட்டியிலிருந்து என் கணவர் கத்துகிறார். உழவு இயந்திரத்தை நான் ஓட்டுகிறேன். 2009, தை மாதம். விசுவமடுவைத் தாண்டிய வீதி. முன்னும் பின்னும் போருக்குத் தப்பி ஓடும் சனம். முதலில் தூரத்தில் 'டும்'. பிறகு தலைக்கு மேல் செல்லின் கூவல். பிறகு வெடி. நான் நிறுத்தவில்லை. ஒரு மரத்தடியில் நிறுத்தித்தான் திரும்பிப் பார்த்தேன். நெல்மூட்டைகளின் மேல் அவர். பக்கத்தில் அவரைப் பெற்ற மாமி. இருவருக்கும் உயிர் இல்லை. மூட்டைகளுக்கு நடுவே இருந்த மகளுக்கு ஒரு கீறலும் இல்லை.

போர் முடிந்து, முகாமிலிருந்து வெளியே விட்டபோது வாழ்வாதார உதவி தந்தார்கள். தையல் மெசின். நான் உழவு இயந்திரத்தில் வயல் உழுதவள். கூலிக்கு மண் ஏற்றியவள். தைக்கத் தெரியாது என்று சொன்னேன். கணவனை இழந்த பெண்களுக்கு இதுதான் என்றார்கள். மெசின் துருப்பிடித்தது.

இப்போது மொன்றியல். மகளோடு வில்லரே பகுதியில் இருக்கிறேன். வேலை தேடித் தரும் அலுவலகத்தில் முதல் கேள்வி: தையல் தெரியுமா?

புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பொதி கட்டும் வேலை கிடைத்தது. லீவு நாட்களில் பயிற்சி நிலையத்துக்குப் போய், பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் பழகினேன். பிரெஞ்சுச் சொற்களை மகள் சொல்லித் தந்தாள். சோதனை பாஸ். ஓட்டும் அனுமதி அட்டையைக் கிடங்கு மேற்பார்வையாளரிடம் நீட்டினேன். யாழ்ப்பாணத்துக்காரர்.

"பேந்து பாப்பம், அக்கா."

பிறகு, பிறகு என்று இரண்டு பனிக்காலம் அதே பேந்து.

போன மாதம் ஒரு நாள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் வரவில்லை. வாசலில் லொறி காத்து நிற்கிறது. நான் ஃபோர்க்லிஃப்டில் ஏறினேன். பெட்டிகளைத் தூக்கினேன்.

"அக்கா, இறங்குங்கோ! ஆரும் கண்டா என்ர வேலை போயிடும்!"

இறங்கவில்லை. லொறி நிறைந்தது. ஒரு பெட்டியும் சரியவில்லை. பிறகுதான் இறங்கினேன்.

"எங்க பிழை விட்டனான்? சொல்லுங்கோ."

மேற்பார்வையாளர் லொறிக் கதவைச் சாத்தப் போனார். மறுநாள் காலை ஃபோன். இனி வர வேண்டாமாம்.

"கார்டெரியில ஆள் எடுக்கினம், அம்மா. பிள்ளையளைப் பாக்கிற வேலைதானே," என்கிறாள் மகள். அவளோடும் கோபித்துக்கொண்டேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

போரில் இழந்தவற்றை எழுத வருகிறவர்கள் என்னைச் சொல்லச் சொல்கிறார்கள். சொல்கிறேன். கணவர். மாமி. கல்வீடு. உழவு இயந்திரம், பெட்டியோடு. நாலு ஏக்கர் வயல். இவை போரில் போனவை.

ஓட்டுகிற என் தொழிலையும் அந்தக் கணக்கில் எழுதுகிறார்கள். எழுத வேண்டாம். அது செல்லடியில் போகவில்லை. உதவ வந்தவர்களின் கையில் போனது.