கைராசிக்காரர் பார்த்த கல்

சுண்ணாம்புக்கல்லை வைத்துப் பிழைக்கிறவனுக்குக் கிட்னியிலும் கல் வந்தால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும், சார்? நானே சிரித்தேன்.

நாகல் நகரில் இருக்கும் என் லேப் சின்னது. கல்லைப் பொடித்து, ஆசிட்டில் கரைத்து, எது சிமென்ட்டுக்கு ஆகும், எது தோல் பதனிடும் ஷாப்புக்கு ஆகும், எது கால்சியம் மாத்திரைக்கு ஆகும் என்று சொல்வேன். நான் தொட்ட சாம்பிள் ஃபெயில் ஆகாது என்று வியாபாரிகளிடம் ஒரு பேச்சு. கைராசிக்காரர் பெருமாள்சாமி. கெமிஸ்ட்ரி படித்தவனுக்கு இதைவிட அவமானம் வேண்டாம். ஆனாலும் அதைக் கேட்டால் எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருக்கும்.

ஜமால் முகமது, மாத்திரைக் கம்பெனிக்குக் கல்தூள் அனுப்புகிறவர். அவர் கொண்டுவந்த புதுக் கல்லை என் லேபில் வேலை பார்க்கும் சுகன்யா சோதித்தாள். அப்போது அவள் மாசமாக இருந்தாள்.

"ஈயம் இருக்கு சார். திரும்பவும் போட்டுப் பாத்துட்டேன்," என்றாள், ஜமாலின் முன்னாலேயே.

ஜமால் பதறிப்போனார். "அப்ப வேணாம்ணே. புள்ளத்தாச்சிக திங்கிற மாத்திரை. கல்லத் திருப்பி அனுப்பிடுறேன். ஆனா, உங்க கையிலயே ஃபெயிலாப் போச்சேண்ணே."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். நான் கதவைச் சாத்திக்கொண்டு நானே சோதித்தேன். ஈயம் இருந்தது, அவள் சொன்னதைவிடக் கூடவே இருந்தது. வெளியே வந்து, "மெஷின் சரியில்ல பாய். கல்லு தங்கம்," என்றேன். அவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சுகன்யா நம்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்ப்பதுதானே முறை? மதியச் சாப்பாடு முடிந்ததும் அவள் கால்சியம் மாத்திரை போடுவாள். டப்பா மேஜையிலேயே இருக்கும். அதைக் காலி செய்து, ஜமாலின் கல்லில் கம்பெனி செய்த மாத்திரைகளை வாங்கி நிரப்பினேன். தீரத் தீர நிரப்பினேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததும், "பாத்தியாம்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல ஆசை, அவ்வளவுதான்.

நீயே தின்று பார்த்திருக்கலாமே என்பீர்கள். கிட்னியில் கல் இருக்கிறவன் கண்ட மாத்திரையைத் தின்னக்கூடாது சார். உடம்பு விஷயத்தில் நான் ரொம்ப ஜாக்கிரதை.

ஏழாம் மாதமே பிறந்தது. அழவில்லை. துணியில் சுற்றிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு அவள் புருஷன் அய்யனார் ஆஸ்பத்திரி வாசலில் நின்றான். பக்கத்தில் நானும் நின்று அழுதேன். அது நடிப்பில்லை.

அவள் ரத்தத்தில் ஈயம் என்கிறீர்கள். இருக்கலாம். மாத்திரையை மாற்றியது நான்தான். எங்கே வேண்டுமானாலும் சொல்கிறேன். ஆனால் ஒரே ஒரு சாம்பிளை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. இங்கிருந்து பழனி வரைக்கும் எத்தனையோ பெண்கள் இந்த மாத்திரையைத்தான் தின்கிறார்கள். அவர்களுக்கும் பிறக்கட்டும் சார், பிறகு பேசுவோம்.