லிஃப்ட் வேலை செய்யாது

எனக்கு மாடிப்படி ஏறுவது பிடிக்கும். படியேறுகிறவர்களுக்கு உடம்பு கட்டுக்குள் இருக்கும், படுத்தவுடன் தூக்கம் வரும். இந்த விசாரணை அறைக்குக்கூட நடந்தே வந்திருப்பேன், நீங்கள்தான் லிஃப்டில் கூட்டிவந்தீர்கள். தண்ணீர் வேண்டாம். கேட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

கர்ப்பப்பை இறக்கம் என்றால் என்னவென்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. வீட்டில் கேட்டுப்பாருங்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பிள்ளை பெற்று, பாரம் தூக்கி, இடுப்புக்கு அடியில் தாங்குகிற தசைகள் தளர்ந்துபோனால் கர்ப்பப்பை கீழே இறங்கிவிடும். நிம்மதியாக நிற்க முடியாது. வாய்விட்டுச் சிரித்தால் சிறுநீர் கசியும். அதை வெளியே சொல்லாமல் துணியை மடித்து வைத்துக்கொண்டே பல பெண்கள் காலத்தை ஓட்டிவிடுவார்கள். அவர்களுக்காகத்தான் அந்தச் செயற்கை இழை வலையைச் செய்தேன். உள்ளே வைத்துத் தைத்துவிட்டால் இறங்கியதைத் தாங்கிப் பிடிக்கும். அதைச் சோதித்துப் பார்ப்பதுதான் என் ஆய்வு.

என் அண்ணன் மனைவிக்கும் அதைத்தான் வைத்தேன். அம்மா இல்லாத வீட்டில் என்னை வளர்த்தது அண்ணிதான். கணக்குப் பரீட்சையில் நான் கோட்டை விட்ட அன்றைக்கும் "வாங்க டாக்டரம்மா" என்றுதான் கதவைத் திறந்தார். "நீ செஞ்ச சாமான், எனக்கென்ன பயம்?" என்று சொல்லிக்கொண்டே ஆபரேஷன் மேஜையில் ஏறிப் படுத்தார்.

முதலில் எல்லாம் நன்றாகவே இருந்தது. பிறகு தையல் கடை வைத்திருந்த ஓர் அம்மா வந்தார். உட்கார முடியவில்லை, உள்ளே ஏதோ கீறுகிறது என்றார். வலையின் ஓரம் சதையை அறுத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. கொஞ்ச நாளில் இன்னொருவர், அப்புறம் இன்னொருவர். வைத்த வலையை எடுப்பது கான்கிரீட்டுக்குள் போன கம்பியை உருவுகிற மாதிரி. அப்போதே நிறுத்தியிருக்கலாம் என்கிறீர்கள். நிறுத்தினால் ஏற்கெனவே வைத்துக்கொண்டவர்களிடம் என்ன சொல்வது? அண்ணியிடம் என்ன சொல்வது? முன்னாலும் போக வழியில்லை, பின்னாலும் போக வழியில்லை.

அப்போதுதான் மறுபரிசோதனை அறையைத் தரைத்தளத்திலிருந்து மூன்றாவது மாடிக்கு மாற்றினேன். காற்றோட்டமாக இருக்கும் என்று காரணம் சொன்னேன், காற்றும் நன்றாகத்தான் வந்தது. லிஃப்ட் கதவில் 'பழுது' என்று ஓர் அட்டை தொங்கியது. ஆய்வின் விதி இதுதான்: வந்து வலி என்று சொன்னால் கோளாறு, வராவிட்டால் குணம். வலி இல்லாதவர்கள் மளமளவென்று ஏறி வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் கீழே பெஞ்சில் ஒருக்களித்து உட்கார்ந்து, படியைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். போகச் சொல்லி நான் யாரிடமும் சொன்னதில்லை.

நானும் அதே படியில்தான் இறங்க வேண்டும் என்பதை மட்டும் யோசிக்கத் தவறிவிட்டேன். பெஞ்சில் யாராவது இருந்தால் இறங்க மாட்டேன். நாளாக நாளாக அந்தப் பெஞ்சு காலியாவதே அபூர்வமாகிவிட்டது. சாப்பாட்டை மேலேயே வரவழைத்துக்கொண்டேன். கீழே பேசுவது கேட்கிறது என்று ஜன்னலையும் சாத்தினேன். அதன்பின் காற்றும் இல்லை.

அண்ணி வந்த அன்று கீழேயிருந்து போன் செய்தார்.

"லிஃப்ட் ஓடலையாமே டாக்டரம்மா. எனக்கு ரெண்டு நாளா காய்ச்சல். நீ ஒரு நிமிஷம் கீழ வர்றியா?"

"மெதுவா ஏறி வாங்க அண்ணி. சாமானெல்லாம் இங்கதான் இருக்கு."

"சரி, பாக்கறேன்."

கைப்பிடி ஓரமாக நின்று எட்டிப் பார்த்தேன். முதல் மாடித் திருப்பம்வரை வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மேலே நிமிர்ந்தார். நான் தலையை இழுத்துக்கொண்டேன். கூப்பிடுவார் என்று நினைத்தேன். செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிப் போனது.

வலையில் பிடித்த சீழ் ரத்தத்தில் கலந்து அந்த வாரமே இறந்துபோனார். அண்ணன் ஒன்றுதான் கேட்டார். "ஒரு தடவ எறங்கி வந்திருக்கக் கூடாதா?" ஒருவருக்காக இறங்கினால் எல்லாருக்காகவும் இறங்க வேண்டும். சொந்தக்காரர் என்று சலுகை காட்டினால் அதற்குப் பெயர் ஆய்வு இல்லை. இதை அண்ணனிடம் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

லிஃப்ட் ஒருநாளும் பழுதாகவில்லை. அட்டையை எழுதி மாட்டியது நான். அண்ணி அந்தத் திருப்பத்தில் நின்றபோது லிஃப்ட் சாவி என் கோட் பையில் இருந்தது, அதைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தேன். எழுதிக்கொண்டீர்களா?

அண்ணியைக் குணமானவர்கள் பட்டியலில் சேர்த்ததற்குத்தான் உங்கள் அதிகாரிக்கு அவ்வளவு கோபம். விதி எல்லாருக்கும் ஒன்றுதான். அவர் மேலே வரவில்லை, போனிலும் காய்ச்சல் என்றாரே தவிர வலி என்று சொல்லவில்லை. வலி இருந்திருந்தால் சொல்லியிருப்பார். அண்ணி என்னிடம் எதையும் மறைத்ததில்லை.