பதின்மூன்றாவது கட்டம்

ஒரு கட்டம் காலியாக இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. இது குணமா கோளாறா என்று எனக்கே சந்தேகம்தான். விசாரணை அதிகாரி ஐயா, நடந்ததை வரிசையாக எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் அருங்காட்சியகத்தில் விளக்க அட்டை எழுதுகிறவள். தற்காலிக வேலை. மாலையில் வரலாற்று வகுப்புக்குப் போகிறேன். இந்தப் பக்கத்தை ஆண்ட அரச பரம்பரையைப் பற்றிக் கண்காட்சி வைத்தபோது, நுழைவுச் சுவரில் வரையவேண்டிய வம்சாவளிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தது நான்தான். ராஜாக்கள் பன்னிரண்டு பேர். பட்டியலின் தலைப்புக்கும் சேர்த்து எண் போட்டுவிட்டேன். ஓவியர் அண்ணன் கடைசி எண்ணை மட்டும் பார்த்துப் பதின்மூன்று கட்டங்களைத் தங்க நிறத்தில் வரைந்து வைத்துவிட்டார்.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருந்தது.

"ஒண்ண அழிச்சிடலாமாண்ணே?"

"அழிக்கலாம். சுவத்துக்குச் சொறி புடிச்ச மாதிரி இருக்கும், பரவாயில்லையா? பேசாம இன்னொரு ராஜாவப் புடிச்சிட்டு வா."

விளையாட்டாகத்தான் சொன்னார். அவர்மீது பழி போட இதை எழுதவில்லை.

போன கண்காட்சியில் ஒரு கரண்டியை விளக்கு என்று எழுதியிருந்தேன். "இன்னொரு தப்பு வந்தா வேற வேலை பாத்துக்கம்மா" என்று இயக்குநர் சொல்லியிருந்தார். ஆகவே ஒன்பதாம் ராஜாவுக்கும் பத்தாம் ராஜாவுக்கும் நடுவில் ஏழு மாத இடைவெளி இருப்பதைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. பின்னால் இருந்தவர்களை ஒவ்வொரு கட்டம் தள்ளி உட்காரவைத்தேன். புது ராஜா போருக்குப் போகவில்லை, கோட்டை கட்டவில்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ஏழு மாதம் ஆண்டு, காய்ச்சலில் போய்விட்டார். இவ்வளவு தொந்தரவில்லாத மனிதரால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஜனங்களுக்கு அவரைப் பிடித்துப்போனதுதான் சிக்கல். மற்றவர்களெல்லாம் வாளும் கையுமாக நிற்க, இவர் ஒருவர்தான் நம்மைப்போல் காய்ச்சலில் படுத்தவர். பள்ளிப் பிள்ளைகள் 'ஏழு மாச ராஜா' என்று பெயர் வைத்தார்கள். அவருடைய பொருள் எதுவுமில்லையா என்று எல்லோரும் கேட்டார்கள். கிடங்கில் உரிமையாளர் தெரியாத, விளிம்பு உடைந்த கிண்ணம் ஒன்று கிடந்தது. அதில் அவர் மருந்து குடித்தார் என்று எழுதினேன். இயக்குநர் அதை நடுக்கூடத்தில் விளக்குக்கு அடியில் வைத்தார். என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதமும் தயாரானது.

அப்போதுதான் கண் அறுவைச் சிகிச்சை விடுப்பு முடிந்து ஆவண அறை அக்கா திரும்பி வந்தார். இருபத்தெட்டு வருடமாக இந்தப் பரம்பரையைப் பற்றிய குறிப்பையெல்லாம் அட்டை அட்டையாக எழுதி இழுப்பறைகளில் அடுக்கியவர். எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவர். தினமும் தன் சாப்பாட்டு டப்பாவில் பாதியை எனக்குத் தள்ளுகிறவர்.

"ஏண்டி, யாரு இவரு? என் கண்ணுல படாம எந்த வழியா உள்ள வந்தாரு?"

"என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? நீங்கதானே போன வருஷம் சொன்னீங்க."

"நானா?"

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது. காய்ச்சல்ல போனாருன்னுகூடச் சொன்னீங்களே."

அக்கா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

வாயால் சொன்னது போதுமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அக்காவின் எழுத்து உருண்டையானது. மூன்று நாள் பழகி, பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய தேதியில் ஓர் அட்டை எழுதி, தேநீர்க் கறை வைத்து, சரியான இழுப்பறையில் செருகினேன். அக்கா அதை ஜன்னலோரம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். "என் எழுத்துதான்" என்றார். என்னிடம் சொல்லவில்லை.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மறக்கிறவர்கள் உண்டா? யோசித்துப் பார்த்தேன், உறுத்தியது. அதனால் திங்கள்கிழமை அக்காவின் மூக்குக்கண்ணாடியை வேறு மேசையில் வைத்தேன். புதன்கிழமை சாவி. வெள்ளிக்கிழமை, அவர் எதையாவது முதல்முறை சொல்லும்போது, "காலைலயே சொன்னீங்களேக்கா" என்றேன். மென்மையாகத்தான் சொன்னேன். செவ்வாய், வியாழன் எனக்கு வகுப்பு சீக்கிரம், ஒன்றும் செய்யவில்லை. நாட்குறிப்பில் ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டிருக்கிறேன்.

இரண்டு மாதத்தில் அக்கா தானாகவே ஓய்வு கேட்டார். "ஒரு ராஜாவையே மறந்துட்டேன். நாளைக்கு என் பொண்ணு பேரு மறந்துபோச்சுன்னா?" என்று பிரிவுபசாரக் கூட்டத்தில் சொல்லிவிட்டு, ஆவண அறைச் சாவியை என் கையில் வைத்தார். எனக்கு அழுகை வந்தது. உண்மையான அழுகை. அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

நான் கவனிக்காமல் விட்டது ஒன்றுதான். டாக்டரிடம் காட்டுவதற்காக அக்கா அந்த அட்டையைக் கையோடு கொண்டுபோயிருக்கிறார். டாக்டர் அந்த அட்டையின் ஓரத்தில் அச்சகத்தார் போட்டிருந்த பொடி எழுத்தைப் படித்துவிட்டு, "இது அச்சாகியே ஒரு வருஷம்தாம்மா ஆகுது. உங்களுக்கு மறதி இல்ல, கூட வேலை செய்யறவங்கதான் சரியில்ல" என்றாராம்.

ஆமாம், ராஜாவை உண்டாக்கியது நான். அட்டை எழுதியது நான். கண்ணாடி, சாவி, வெள்ளிக்கிழமைப் பேச்சு எல்லாமே நான். ஆனால் புகாரில் 'துன்புறுத்தினார்' என்றிருப்பதைத் திருத்த வேண்டும். அக்காவுக்கு ஓய்வு தேவைப்பட்டது, அது கிடைத்தது. இத்தனைக்குப் பிறகும் அவருக்கு என்மேல் பாசம் போயிருக்காது.

இந்தப் படிவத்தின் அடியில் சாட்சிகளுக்கு இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஒன்றில் வாசல் காவலர் கையெழுத்துப் போட்டுவிட்டார். மற்றது காலியாக இருந்தது. அக்காவின் கையெழுத்தைப் போட்டு வைத்திருக்கிறேன். கேட்டுப் பாருங்கள், கொஞ்சம் யோசிப்பார். பிறகு, "போட்டிருப்பேன், ஞாபகமில்ல" என்பார்.