அரைச் சுற்று

செடி சாய்ந்தால் பலரும் குச்சி கட்டிவிடுவார்கள். அது சோம்பேறி வேலை, டீச்சர். குச்சியை எடுத்ததும் பழையபடி சாய்ந்துவிடும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் சுற்று திருப்பினால் போதும். எல்லாப் பக்கமும் வெளிச்சம் படும், தண்டு தானாகவே நிமிரும், கெட்டியாகும். ஆறு மாதத்தில் இது எப்படி நிற்கிறது பாருங்கள். உள்ளே வந்ததும் நீங்கள் முதலில் இதைத்தான் தொட்டீர்கள். “நேராயிடுச்சே” என்றீர்கள். அப்புறம்தான் தங்கை எப்படி விழுந்தாள் என்று கேட்டீர்கள்.

டீயைக் குடியுங்கள், ஆறிவிடும். தங்கை உள்ளே தூங்குகிறாள். மாத்திரை போட்டால் நாலு மணிவரை எழுந்திருக்க மாட்டாள். எப்படி விழுந்தாள் என்று டாக்டர் கேட்டார், கீழ்வீட்டுக்காரர் கேட்டார். கால் தடுக்கிவிட்டது என்று சொன்னேன். செடியைத் தொட்டுவிட்டுக் கேட்டது நீங்கள் ஒருவர்தான். அதனால் உங்களிடம் சொல்கிறேன், வேண்டுமானால் அந்த நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோணல் பிடிக்காது. இருபத்திரண்டு வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வளைந்துபோன சட்டத்தைச் சூடு காட்டி நிமிர்த்தி, வந்தவர் இரண்டு காதிலும் சமமாக உட்காரவைப்பேன். ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி மாட்டியவளின் தங்கைக்கு ஒரு கண்ணாடியும் உதவவில்லை. கடையில் யாராவது சொல்வதற்குள் இதை நானே சொல்லிச் சிரித்துவிடுவேன். முப்பத்தொரு வயதில் அவள் பார்வை ஓரத்திலிருந்து சுருங்க ஆரம்பித்து, மூன்று வருஷத்தில் முழுசாகப் போயிற்று. அதைப் பார்க்க அம்மா உயிரோடு இல்லை. நான்தான் பார்த்துக்கொண்டேன். தலை வாரிவிட்டேன், நகம் வெட்டிவிட்டேன், தட்டில் எது எங்கே இருக்கிறது என்று சொன்னேன். என் தோளைப் பிடிக்காமல் கழிப்பறைக்குக்கூடப் போகமாட்டாள். இந்த இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், கவனித்தீர்களா? அந்த ஒரு கோணலை மட்டும் நான் நிமிர்த்தப் பார்த்ததே இல்லை.

பிறகு நீங்கள் வந்தீர்கள். குறை சொல்லவில்லை. கோல் தட்டி நடக்கக் கற்றுக்கொடுத்தீர்கள், அவளும் கற்பூரம் மாதிரி பற்றிக்கொண்டாள். இந்த ஹாலில் மட்டும்தான் குழம்புவாள். இடித்துக்கொள்ளக் கூடாதே என்று மேசை நாற்காலியெல்லாம் நான் ஒழித்துக்கட்டியிருந்தேன். ஒரு கோடியில் ஜன்னல், அதன் கீழே ஒரே ஒரு நாற்காலி. நேர் எதிர்க்கோடியில் கீழே இறங்கும் படிக்கட்டு, கதவு கிடையாது. நடுவில் ஸ்டூல்மேல் இந்தச் செடி. ஒரு நாள் தொட்டியைத் திருப்பப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“திருப்பாதக்கா. அது எந்தப் பக்கம் சாஞ்சிருக்கோ அந்தப் பக்கம் ஜன்னல். தண்டைத் தொட்டாலே எனக்குத் திசை தெரிஞ்சிடும்.”

“கோணலா நிக்குதேடி.”

“நின்னுட்டுப் போகட்டும். உன் கண்ணுக்குத்தான் கோணல். எனக்கு அது வழி காட்டுது.”

நீங்களும் அதைக் கேட்டு அவள் முதுகில் தட்டிக்கொடுத்தீர்கள். சரி என்று விட்டுவிட்டேன். ஒன்றேகால் வருஷம் தண்ணீர் ஊற்றியதோடு சரி.

அந்த ஒன்றேகால் வருஷத்தில் என் தோள் காலியாயிற்று. முதலில் கழிப்பறைக்குத் தானே போனாள். அப்புறம் தெருமுனைக் கடைக்கு, அப்புறம் பஸ்ஸில். நான் வேலை முடிந்து வந்தால் டீ போட்டு வைத்திருப்பாள். நல்ல டீதான், நான் பாதியை அப்படியே வைத்துவிடுவேன். கோபம் என்று சொல்ல மாட்டேன். பயம். இந்த வீட்டில் இனி நான் எதற்கு என்கிற பயம். அப்போதுதான் வேறு ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் எடுக்கிற வேலை வந்தது, தங்க ஹாஸ்டலோடு. விண்ணப்பம் நீங்கள் எழுதிக்கொடுத்ததாம். என்னிடம் கடைசியில்தான் சொன்னாள். “இனிமேலாவது உன் வாழ்க்கையைப் பாருக்கா” என்றாள். அது எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை.

அவள் கிளம்பும் நாள் காலையிலிருந்தே மழை. வெயில் இருந்தால் ஜன்னல் பக்கம் கன்னத்தில் சூடு தெரியும். அன்றைக்கு அது இல்லை. சாரல் அடிக்கிறதே என்று ஜன்னலைச் சாத்தினேன். தெருச் சத்தம் நின்றது. தரை ஈரம் காயட்டும் என்று ஃபேனை வேகமாக வைத்தேன். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். இனி யாருக்கும் திசை காட்ட வேண்டியதில்லையே, செடியை நிமிர்த்த ஆரம்பிக்கலாம் என்று தொட்டியைத் திருப்பினேன். திருப்ப வேண்டியது கால் சுற்று. நான் அரைச் சுற்று திருப்பினேன்.

புதுப் புடவையில் வந்தாள். ஹால் நடுவில் என்னைக் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு சுற்று சுற்றினாள். சந்தோஷத்தில் அவள்தான் சுற்றினாள், டீச்சர், நான் சுற்றவில்லை. பையும் கோலும் ஜன்னலோர நாற்காலியில் இருந்தன.

“நான் எடுத்துட்டு வரட்டுமா?” என்றேன். கேட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

“வேணாம்க்கா. நானே எடுத்துக்கறேன்.”

கையை நீட்டிச் செடியைத் தேடினாள். தண்டைத் தடவினாள். தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு விறுவிறுவென்று நடந்தாள். படிக்கட்டுக்குப் போவதாக இருந்தால் சுவரைத் தடவிக்கொண்டு மெதுவாகப் போவாள். ஜன்னலுக்குப் போக எதற்குத் தடவ வேண்டும்? பத்து எட்டு. நானும் சத்தமில்லாமல் பின்னாலேயே நடந்தேன்.

இடுப்பில் தகடு வைத்திருக்கிறார்கள். அந்த வேலையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். “சுத்துனதுல திசை மாறிடுச்சுக்கா, என் தப்புதான்” என்கிறாள். நான் மறுத்துப் பேசுவதில்லை, உடம்பு தேறாதவளிடம் எதற்கு வாக்குவாதம்? இப்போது கட்டிலிலிருந்து கழிப்பறைவரை என் தோளைப் பிடித்துத்தான் நடக்கிறாள். செடியை அவள் தேடுவதில்லை. வாரா வாரம் தவறாமல் கால் சுற்று திருப்புகிறேன்.

அவளை விழவைக்கத் திருப்பினேன் என்று எழுதினால் அது பொய். படி விளிம்பில் கால் தடுமாறியதும் பயந்துபோய் என்னைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை ‘அக்கா’ என்றிருந்தால் பிடித்திருப்பேன். கையைக்கூட நீட்டித் தயாராக வைத்திருந்தேன். அவள் ‘அம்மா’ என்றாள். அம்மா செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது, டீச்சர். நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். மற்றதையெல்லாம் அவளுக்கு மன்னித்துவிட்டேன், அதை மட்டும் இன்னும் முடியவில்லை.