பீலியடியில் நான் நடத்திய பெரட்டு

பெருமாள் ஓடுகிறார். தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் பின்னால், தேயிலைச் சரிவில், குனிந்தபடி. கீழே பாதையில் ஆம்புலன்ஸ் நிற்கிறது. அதன் ஒலி மூன்று முறை எழுந்து அடங்கியது. காலை எட்டு மணி பத்து நிமிடம்.

"ஏங்க, ஓடாதீங்க. கயித்தத் தாண்டாதீங்க."

கத்துபவள் அவர் மனைவி லெட்சுமி. பெருமாள் மஞ்சள் கயிற்றருகே நின்றார். இருமினார். அப்படியே மண்ணில் அமர்ந்தார். வெள்ளை உடையணிந்த இருவர் ஏறிச்சென்று அழைத்து வந்தனர். லயம் அடைக்கப்பட்ட ஒன்பதாம் நாள் அது.

கொரோனாவின் இரண்டாம் ஆண்டு. இலங்கை மலையகத்தில், ஹல்துமுல்லைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். நான் பதுளையில் கல்லூரிப் படிப்பை முடித்தவன். நாற்பத்தோராண்டு தோட்ட டிஸ்பென்சரியில் மருந்தாளனாக இருந்து ஓய்வுபெற்றவன். பணியிலிருந்தவருக்குத் தொற்று ஏற்படவே, என்னை அழைத்தார்கள். கீழ் லயத்தில் இருவருக்கு நோய் உறுதியானது. அவர்களைக் கொண்டுபோனார்கள். அந்த லயத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். நானும் உள்ளே அடைபட்டேன். லயத்தின் கோடியில், குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளைக்காம்பராவில் எனக்கு ஒரு கட்டில்.

பன்னிரண்டு காம்பராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை. ஐம்பத்து மூன்று பேர். நடுச்சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. ஒருவர் இருமினால் அடுத்த காம்பராவில் குழந்தை விழிக்கிறது. தண்ணீருக்கு ஓடைநீர் கொட்டும் ஒரே பீலி. அதன் மேல் ஒரு தகரக் கூரை. மழை விடவில்லை.

அவர்களைக் காப்பது என் பொறுப்பு. கைகளைக் கழுவ வைக்க வேண்டும். காய்ச்சல் பார்க்க வேண்டும். எவரும் தப்பக் கூடாது. தோட்டத்தில் ஆட்களை எண்ணுவதற்கு நாங்கள் அறிந்த வழி ஒன்றே. பெரட்டு. வேலைக்குப் போகுமுன் அனைவரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் குறிப்பது. அதையே செய்தேன். காலை ஆறரைக்கும் மாலை ஐந்துக்கும் விசில். பீலியடியில் வரிசை. சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும். உப்பு நீரில் தொண்டை கொப்பளிக்க வேண்டும். அதற்காக முகக்கவசத்தைக் கழற்ற வேண்டும். மழைக்கு ஒதுங்கி எல்லோரும் தகரத்தின் கீழ் நெருங்கி நின்றார்கள். நான் பத்தடி தள்ளிக் குடையின் கீழ் நின்று பெயர் குறித்தேன்.

"கை கழுவுனா அரைப்பேரா, முழுப்பேராங்கய்யா?" என்றார் பெருமாள். அரைநாள் சம்பளமா முழுநாள் சம்பளமா என்பது கேள்வி. வரிசை சிரித்தது. கவசமில்லாத வாய்கள்.

இரண்டாம் நாளே லெட்சுமி வந்தாள். பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்பவள் அவள். "ஐயா, எல்லாத்தையும் ஒரே எடத்துல நிப்பாட்டாதீங்க. காம்பராவுக்கு ஒரு வாளி வச்சிருவோம். நான் தண்ணி ஊத்துறேன். நீங்க வாசல் வாசலா வந்து காய்ச்சல் பாருங்க."

"வாளியை நம்பி எப்படி எண்ணுவது? நீ உன் வேலையைப் பார்" என்றேன்.

அவள் திரும்பிப் போனாள்.

ஐந்தாம் நாள் மூவருக்குக் காய்ச்சல். ஏழாம் நாள் மேலும் ஆறு பேர். நான் விசிலை நிறுத்தவில்லை. வரிசையை இன்னும் ஒழுங்காக்கினேன். ஒன்பதாம் நாள் பெருமாள்.

பத்தாம் நாள். ஆறரை. ஊதுகிறேன். எவரும் வரவில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒரு வாளி. பீலியடியில் லெட்சுமி மட்டும், இரு கைகளிலும் தண்ணீர். காய்ச்சல்மானியை எடுத்துக்கொண்டு முதலாம் வாசலுக்குப் போனேன்.

பன்னிரண்டாம் நாள் அவளுக்கு மூச்சு முட்டியது. வாளி ஓரமாக அமர்ந்தாள். "ஏழாம் காம்பராவுக்கு இன்னும் ஊத்தலங்கய்யா" என்றாள். ஆம்புலன்ஸ் வர இரண்டு மணி நாற்பது நிமிடம் எடுத்தது. பதினாறாம் நாளுக்குப் பின் புதிய காய்ச்சல் இல்லை.

கயிறு அவிழ்க்கப்பட்டபின் அறிக்கை கேட்டார்கள். "மக்களின் ஒழுங்கீனமே பரவலுக்குக் காரணம்" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். எனக்கு ஒரு நற்சான்றுப் பத்திரம் வந்தது. ஒழுங்கீனம் எதுவும் நடக்கவில்லை. நான் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில், சொன்னபடி நின்றார்கள். அந்த வாக்கியத்தை இங்கே மீளப் பெறுகிறேன்.

இறந்தவர்கள் நால்வர். இரண்டாம் காம்பரா சின்னையா, அறுபத்தெட்டு வயது. ஒன்பதாம் காம்பரா தங்கம்மா, அறுபத்தொன்று. நான்காம் காம்பரா பெருமாள், நாற்பத்து நான்கு. அவர் மனைவி லெட்சுமி, முப்பத்தொன்பது. ஒருவர் உடலும் லயத்துக்கு வரவில்லை. பெரட்டுக்கு முன் நோயுற்றவர்கள் இருவர். பின் நோயுற்றவர்கள் பத்தொன்பது. முதல் இருவரும் நலமாகத் திரும்பினார்கள்.